தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் எதுக்களிப்பு: கண்டுகொள்வதும் சமாளிப்பதும் – முழுமையான வழிகாட்டி

கக்கின பிள்ளை தக்கும் என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தும். பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆன குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு, தோளில் சாய்த்ததும் ஒரு வாய்ப் பாலை அப்படியே கொட்டிவிடும். குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதே, பிள்ளை எப்படித் தேறும் என்று அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். அந்தப் பயத்தில்தான் தேவையில்லாத சொட்டு மருந்தும் கிரைப் வாட்டரும் பவுடர் பாலும் வீட்டுக்குள் நுழைகின்றன.

துண்டு எவ்வளவு நனைந்தது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். எடை ஏறுகிறதா, பால் குடிக்காத நேரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறது, வெளியே வருவது என்ன நிறம், எவ்வளவு வேகம் என்று பாருங்கள். இவை நன்றாக இருந்தால் பெரும்பாலும் கைப்பக்குவமும் பொறுமையும் போதும். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், 'கக்கின பிள்ளை தக்கும்' என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

பால் ஏன் மேலே வருகிறது

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்துகொள்ளும். அதன் சாப்பாடு முழுக்கத் திரவம், இரைப்பை சின்னது, நாளின் பெரும்பகுதி படுத்தபடியே கழிகிறது. அதனால் பால் மேலே ஏறி வருவதில் வியப்பில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 100 குழந்தைகளில் குறைந்தது 40 பேருக்கு இது இருக்கிறது. வழக்கமாக 8 வாரம் ஆவதற்குள் தொடங்கிவிடும். இப்படிக் கக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 பேர் ஒரு நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ கக்குவார்கள். 100-க்கு 90 பேருக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும்.

தாய்ப்பால் பவுடர் பாலைவிட வேகமாக இரைப்பையை விட்டு இறங்கிவிடும். ஆகவே எதுக்களிப்புக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தி புட்டிக்கு மாறுவது நேர் எதிரான வழி. இதை யார் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

முதல் படி: இது எதுக்களிப்புதானா?

சாதாரண எதுக்களிப்பில் பால் சிரமமில்லாமல் வழிந்து வரும். குடித்த உடனே வந்தால் பாலாகவே இருக்கும், சற்று நேரம் கழித்து வந்தால் தயிர்போலத் திரிந்து புளித்த வாடை அடிக்கும். இரண்டும் இயல்பு. பிள்ளை கக்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் கைகாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்:

- பச்சை நிறத்தில் வாந்தி. இது பித்தம் கலந்தது, குடல் முறுக்கியோ அடைத்தோ இருக்கலாம். ராத்திரி 2 மணியானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
- ஒவ்வொரு முறை குடித்த பிறகும் தூரப் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, அது முடிந்ததும் மறுபடி பசியோடு தேடுவது, எடை இறங்குவது. இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைக்கும் நோயில் இப்படி ஆகும். பெரும்பாலும் 2 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளிடம் அதிகம். ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையில் முழுமையாகச் சரியாகும்.
- வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், காப்பித்தூள் கலந்தாற்போன்ற வாந்தி.
- வயிறு உப்பிக் கெட்டியாக இருப்பது, மலமும் காற்றும் போகாமல் இருப்பது.
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உச்சிக்குழி புடைத்திருப்பது, துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் பால் குடிக்காமல் இருப்பது.
- மூச்சு திணறுவது, உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது.

ரத்தத்தைப் பற்றி ஒரு சின்ன விவரம். அம்மாவின் காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த ரத்தத்தைப் பிள்ளை பாலோடு விழுங்கி, சிவப்பு இழையாகவோ பழுப்புத் துளியாகவோ கக்கும். காம்பைப் பார்த்தால் பல நேரம் புரிந்துவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வதுதான் முறை.

வெளியே கக்காமலே எதுக்களிக்கும் பிள்ளைகளும் உண்டு. பால் தொண்டைவரை வந்து திரும்ப விழுங்கப்படும். குடித்து அரைமணி நேரம் கழித்தும் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம், ஈரமான ஏப்பம், முகச்சுளிப்பு, படுக்க வைத்ததும் இருமல், குடிக்கும் நடுவில் முதுகை வில்லாக வளைத்து அழுவது ஆகியவற்றை வைத்து ஊகிக்கலாம். ஆனால் அழுகையை மட்டும் வைத்து ரிஃப்ளக்ஸ் (எதுக்களிப்பு) என்று முத்திரை குத்தாதீர்கள். எல்லாக் குழந்தைகளுக்குமே ஆறாவது வாரத்தையொட்டி அழுகை உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். விக்கலும் அப்படித்தான், அதற்குப் பெரிய அர்த்தம் ஏதும் கிடையாது.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

கக்கியது எவ்வளவு என்பதைக் கண் மிகைப்படுத்திக் காட்டும். ஒரு பழைய துண்டை விரித்து, மருந்து மூடியால் 5 மில்லி தண்ணீரை அதில் ஊற்றிப் பாருங்கள். கை அகலத்துக்குப் பரவும். 'மொத்தப் பாலும் வந்துடுச்சு' என்று பதறிய கறை பல நேரம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருக்காது.

அடுத்தது எடை. பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது இயற்கை. பிறந்தபோது இருந்த எடையில் 10 சதவீதம்வரை குறையலாம், பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும். தினம் எடை பார்க்காதீர்கள், அது பயத்தை வளர்க்கும். வாரம் ஒருமுறை, துணி இல்லாமல், ஒரே தராசில் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ போட்டுப் பார்க்கலாம். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடையைக் கட்டாயம் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும், வெளிர் நிறத்தில். டயப்பர் மாட்டியிருந்தால் கணக்கு தெரியாது. ஒரு நாள் துணி கட்டி எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி: பால் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள்

தாய்ப்பால் பிள்ளையின் எதுக்களிப்பில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதுமுன் யாராவது ஒருவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பால் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பார்த்தால் எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும். நைஸ் வழிகாட்டுதலும் இதையே முதல் வேலையாக வைக்கிறது.

பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் பாலோடு காற்றையும் விழுங்கும். வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போக வேண்டும். 'டக் டக்'கென்று நாக்கு சொடுக்கும் சத்தம் கேட்டாலோ, குடித்து முடித்ததும் காம்பு லிப்ஸ்டிக் முனைபோலச் சரிந்திருந்தாலோ, உங்களுக்கு வலித்தாலோ பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள். திரும்பத் திரும்ப இப்படியே ஆனால் நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது: சிலருக்குப் பால் பீறிட்டு வரும். குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் பிள்ளை புரையேறி, இருமி, மார்பை விட்டு விலகி அழும். விலகிய நேரத்தில் பால் அதன் முகத்திலேயே பீய்ச்சும். மற்ற மார்பிலிருந்தும் சொட்டும். வேகமாக விழுங்கியதால் வயிறு நிறையக் காற்று, கூடவே அளவுக்கு மீறிய பால். பிறகு கக்காமல் என்ன செய்யும்? பச்சையாக நுரைத்த மலம், வயிற்றில் கடமுடா சத்தம், ஆனால் எடை மட்டும் ஜோராக ஏறும். 'பால் ஒத்துக்கலை' என்று வீட்டில் சொல்வார்கள். பால் நல்ல பால்தான், வேகம்தான் அதிகம்.

இதற்கு எளிய வழிகள் உண்டு. முதல் பீறலை ஒரு துணியில் வாங்கிக்கொண்டு, வேகம் தணிந்ததும் பிள்ளையைப் பிடிக்க வையுங்கள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துப் பின்னால் நன்றாகச் சாய்ந்து, பிள்ளையை உங்கள் நெஞ்சின் மேல் குப்புறச் சாய்த்துக் கொடுங்கள். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படும். அறுவை சிகிச்சையில் பிரசவித்தவர்கள் தையலில் கால் படாமல் பிள்ளையைக் குறுக்காகப் படுக்க வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஒரு மார்பை முழுதாகக் குடிக்க விட்டு, அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்ததைக் கொடுங்கள். அடுத்தடுத்த பல வேளைக்கும் ஒரே மார்பையே கொடுத்துச் சுரப்பைக் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. எடை நன்றாக ஏறும் பிள்ளைக்கு மட்டும், தெரிந்தவர் மேற்பார்வையில்தான் அதைச் செய்யலாம். இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், பிறகு சுரப்பே குறைந்துவிடும்.

பிள்ளை அழும்போதெல்லாம் மார்பில் போட்டால் அமைதியாகும். சப்புவது அதற்கு ஆறுதல். ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போது மேலும் பால் போனால் மறுபடி கொட்டும். அப்போதுதான் குடித்துக் காலியான மார்பையே ஆறுதலுக்குக் கொடுங்கள். பச்சிளங்குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் தேவை. கக்குகிறதே என்று இடைவெளியை நீட்டினால் பசியில் வெறிகொண்டு குடித்து இன்னும் அதிகமாகக் கக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே நல்லது.

நான்காம் படி: குடித்த பிறகு அரைமணி நேரம்

நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை ஏப்பம் எடுங்கள். தோளில் சாய்த்தோ, மடியில் உட்கார வைத்து ஒரு கையால் நெஞ்சையும் தாடையையும் தாங்கியோ, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், எல்லா வேளையும் வராது.

பிறகு 20 முதல் 30 நிமிடம் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்திருங்கள். வீட்டில் தாத்தாவோ அப்பாவோ சித்தியோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். அம்மா அந்த நேரத்தில் ஒரு வாய் சாப்பிடலாம். கார் சீட்டிலும் சாய்வு நாற்காலியிலும் உட்கார வைப்பது நிமிர்த்தி வைத்ததாகாது. வயிறு மடிந்து அழுந்தி இன்னும் அதிகமாகவே கக்கும்.

வயிற்றை அழுத்தும் சின்னச் சின்ன விஷயங்களைப் பாருங்கள். அரைஞாண் கயிறு இறுக்கமாக இருக்கிறதா, டயப்பர் பட்டை தொப்புளுக்கு மேல் இறுகியிருக்கிறதா? டயப்பரைப் பால் கொடுக்கும் முன்பே மாற்றுங்கள். குடித்த பிறகு மாற்ற நேர்ந்தால் இரண்டு காலையும் தூக்கி வயிற்றில் மடக்காமல், பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பி மாற்றுங்கள். எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதில் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டும் வழக்கமுள்ள வீட்டில், பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு குளிப்பாட்டச் சொல்லுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது, மூக்கில் ஊதுவது இவை வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

ஐந்தாம் படி: தூங்க வைப்பது

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இது. கக்கினால் புரையேறிவிடும் என்று பயந்து ஒருக்களித்தோ குப்புறவோ படுக்க வைக்கிறார்கள். மல்லாந்து படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு, எதுக்களிக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய பிறகு தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. புரையேறி இறப்பது அதிகரிக்கவில்லை.

தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டாம். பிள்ளை சறுக்கித் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடும். சரிவான குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது இதற்காகத்தான். நம் தூளியிலும் இதே சிக்கல் உண்டு. துணி குழியும்போது பிள்ளை வளைந்து வயிறு மடங்கும், தாடை நெஞ்சில் பதியும். அழுகையை அமர்த்தக் கொஞ்ச நேரம் கண்ணெதிரே ஆட்டினாலும், பால் குடித்த உடனேயும் ராத்திரி நீண்ட தூக்கத்துக்கும் தூளியைத் தவிர்த்துவிடுங்கள். அழுந்தாத, சமமான விரிப்பில் படுக்க வையுங்கள்.

கக்கும்போது புரையேறினால் உடனே ஒருக்களித்துத் திருப்பி, வாயைத் துடையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதும் உச்சந்தலையில் ஊதுவதும் உதவாது. மூச்சு அடைத்து அழக்கூட முடியாமல் போனால், பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை தட்டுங்கள். சரியாகவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கைவைத்தியம் பற்றி

'உரம் விழுந்திருக்கு, முறத்துல போட்டு உருட்டு', 'குடலேற்றம், தட்டி எடுக்கணும்', 'தொக்கம் எடுத்துட்டு வா' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் முழு வயிற்றோடு ஒரு மாதக் குழந்தையை உருட்டுவதும், முன்பின் தெரியாதவர் அதன் தொண்டையில் குழாய் வைத்து ஊதுவதும் ஆபத்து. உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் வசம்பும் பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகக்கூடியவை, கல்லில் உரைக்கும்போது அளவும் கைக்குள் நிற்காது. தேன் ஒரு வயதுவரை கூடாது. கிரைப் வாட்டரால் எதுக்களிப்பு நிற்காது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொன்னால் தண்ணீர்கூட இல்லை என்றுதான் பொருள்.

பாலைக் கெட்டியாக்க அரிசிக் கஞ்சியோ பிஸ்கட் கரைசலோ கலந்து கொடுக்கச் சொல்வதும் உண்டு. தாய்ப்பாலிலேயே மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இருப்பதால் அந்தக் கெட்டித்தன்மை நிற்காது. வேண்டாத வயதில் வேண்டாத சாப்பாடு போனதுதான் மிச்சம்.

'அத்தே, டாக்டர் கொஞ்ச நாள் எதுவும் கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காரு' என்ற ஒரு வார்த்தை பல வீடுகளில் சண்டையைத் தவிர்க்கும். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். நேரடியாகக் கேட்டுவிட்டால் வீட்டில் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

அம்மாவின் சாப்பாடு

காரம், புளி, வாழைக்காய், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் பத்தியச் சோறும் பூண்டுமாக அம்மா இளைத்துப்போவதால் எதுக்களிப்பு குறையாது. யோசிக்க வேண்டிய முக்கியமான பொருள் பசும்பால். கக்குவதோடு மலத்தில் சளியோ ரத்த இழையோ, தோலில் விடாத கரப்பான், குடும்பத்தில் ஒவ்வாமை இவை சேர்ந்திருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கலாம். அம்மா குடித்த பாலின் புரதம் தாய்ப்பால் வழியே பிள்ளைக்குப் போகும்.

அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் பேசிவிட்டு, 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், நெய், பன்னீர், பால் சேர்ந்த பிஸ்கட், இனிப்பு, ஊட்டச்சத்துப் பவுடர் எல்லாவற்றையும் முழுதாக நிறுத்திப் பாருங்கள். காப்பியில் ஊற்றும் கொஞ்சம் பாலும் கணக்குதான். குணம் தெரிந்தால் மறுபடி சேர்த்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்தப் பிந்தைய பாதியைப் பலரும் விட்டுவிட்டு, காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் பாலைத் தவிர்க்கிறார்கள். நிறுத்தியிருக்கும் காலத்தில் கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: பால் கொடுத்த நேரம், கக்கிய நேரம், நிறம், சிறுநீர், அழுத நேரம். முதுகை வளைத்து அழுவதை கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடியுங்கள். மருத்துவமனையில் பிள்ளை நல்ல பிள்ளையாகத் தூங்கும், அப்போது அந்தப் படம்தான் பேசும்.

மருந்து பற்றித் தயங்காமல் கேளுங்கள். ஒமெப்ரசோல் போன்றவை அமிலத்தைக் குறைக்குமே தவிர, பால் மேலே வருவதை நிறுத்தாது. எடை ஏறி நலமாக இருக்கும் குழந்தைக்குக் கக்குவதற்காகவோ அழுவதற்காகவோ அமிலக் குறைப்பு மருந்து தர வேண்டாம் என்று வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவர் சங்கங்கள் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அமிலம் குறைந்தால் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடும். வாந்திக்குத் தரும் டாம்பெரிடோன் சொட்டு மருந்து இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைக்கு எழுதியதை வாங்கி ஊற்றவே கூடாது. எடை ஏறாமல், பால் குடிக்கவே மறுத்து, வலியால் துடிக்கும் பிள்ளைக்கு மருந்து தேவைப்படலாம். அப்போது எந்த நோய்க்கு, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு

ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளுக்கு ஒரு கட்டத்தில் கோபம் வரும், அழுகை வரும். அப்போது பிள்ளையைப் பத்திரமாக மல்லாந்து படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். பிள்ளை அழட்டும், ஒன்றும் ஆகாது. எந்த நிலையிலும் குலுக்காதீர்கள், பச்சிளங்குழந்தையின் மூளையில் ரத்தம் கசியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கம் வாய்த்தாலும் தூங்க முடியாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு மணி நேரமும் தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது நிற்கும்?

நான்காவது மாதத்தையொட்டி அதிகமாகக் கக்கும். அதன் பிறகு மெல்ல இறங்கும். உட்காரத் தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் கெட்டியான சாப்பாடும் சேரும்போது பெரும்பாலான வீடுகளில் தோள் துண்டுக்கு வேலை குறைந்துவிடும். சளி, காய்ச்சல் வரும்போது நடுவே சில நாள் கூடலாம். ஆறு மாதம்வரை கக்காத பிள்ளை புதிதாகக் கக்கத் தொடங்கினாலோ, ஒரு வயது தாண்டியும் நிற்காவிட்டாலோ, வேறு காரணம் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.